தானாக ஒட்டும் சிமெண்டும் ஃபைபர் போஸ்டும்

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய மேல் முன்பல்லின் கேப். கேப்புக்குள் அதைத் தாங்குகிற அடிக்கட்டையான கோர். கோரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த, வேருக்குள் வைக்கிற இழைக் கம்பியான ஃபைபர் போஸ்ட். மூன்றும் ஒரே துண்டாகக் கழன்று வந்திருந்தன. "வலியெல்லாம் இல்லை டாக்டர். காலையில வாய் கொப்பளிச்சேன், கையோட வந்துடுச்சு. இதையே திரும்ப ஒட்டிட முடியுமா?" என்று கேட்டார்.

பெரிதாக்கிக் காட்டும் லூப்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் போஸ்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை உறை போட்டதுபோல் சிமெண்ட் அதன்மேல் அப்படியே இருந்தது. பல்லுக்குள் பார்த்தால் வேர்க் கால்வாய்ச் சுவரில் ஒரு துணுக்குக்கூட இல்லை. சிமெண்ட் போஸ்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, பல்லைத்தான் பிடிக்கவில்லை. ஃபைபர் போஸ்ட் தோற்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கும், சிமெண்டும், பல்லின் உட்பகுதியான டென்டினும் சந்திக்கிற இடத்தில்.

அந்தப் போஸ்டை ஒட்டியவள் நான்தான். பாஸ்பாரிக் அமிலம் தடவி, கழுவி, உலர்த்தி, ஒரே பாட்டிலில் வருகிற பசையைப் பூசி, அதன்மேல் லைட்டிலும் இறுகும், லைட் படாவிட்டாலும் இறுகும் வகைச் சிமெண்ட் ஒன்றை வைத்திருந்தேன். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. அந்தச் சேர்க்கையிலேயே ஒரு சிக்கல் இருந்தது; அதற்குப் பிறகு வருகிறேன். அந்தப் பொட்டலத்துக்குப் பிறகுதான் போஸ்ட் ஒட்டுகிற முறையையே மாற்றினேன். இப்போது பெரும்பாலான போஸ்டுகளுக்கு நான் எடுப்பது ரிலையெக்ஸ் யூனிசெம். கேப்சூலில் வருகிற, தனியாகப் பசை பூசாமலே தானாக ஒட்டும் ரெசின் (பிளாஸ்டிக் பிசின்) சிமெண்ட். ஆறு ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிற பொருளைப் பற்றி, போஸ்ட் என்ற ஒரே வேலையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கேப் ஒட்டுவது, வெனியர் ஒட்டுவது எல்லாம் வேறு கணக்கு.

முதலில் போஸ்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ரூட் கேனால் செய்த பல்லில் மேல்பகுதி அதிகம் போய்விட்டால், கட்டுவதற்குப் பிடிமானம் வேண்டும் என்றுதான் வேருக்குள் போஸ்ட் வைக்கிறோம். பல்லைப் பலப்படுத்துவதற்காக அல்ல. 1990-களின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து கறுப்பு கார்பன் இழைப் போஸ்டுகள் வந்தன. பின்னால் கண்ணாடி இழை, குவார்ட்ஸ் இழைப் போஸ்டுகள் வந்து, பல் நிறத்துக்கு ஒத்துப்போனதால் நிலைத்துவிட்டன. டென்டினின் விறைப்பு ஏறக்குறைய 18 கிகாபாஸ்கல். ஸ்டீல் போஸ்டுக்கு அது 200-ஐ ஒட்டி இருக்கும். அவ்வளவு விறைப்பான கம்பி வேருக்குள் இருந்தால், கடிக்கிற விசையெல்லாம் அது முட்டுகிற இடத்தில் போய்க் குவியும். வேர் நெடுக்காகப் பிளக்கும். பிளந்த வேரைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. கண்ணாடி இழைப் போஸ்ட் விறைப்பில் டென்டினுக்கு எவ்வளவோ பக்கத்தில் நிற்கிறது. அதனால் பல்லோடு சேர்ந்து வளையும். அளவு மீறினால் வேர் பிளப்பதற்கு முன் பிடிப்பு விட்டுப்போகும். ஆசிரியரின் பல் பிழைத்தது அதனால்தான். ஆனால் பல ஆண்டு இருக்க வேண்டிய பிடிப்பு ஒன்றரை வருடத்தில் விட்டதே, அதை விதியின்மேல் போட முடியாது.

இப்போது அந்தச் சேர்க்கையின் சிக்கல். ஒரே பாட்டில் பசைகளில் அமிலத்தன்மை கொண்ட மோனோமர்கள், அதாவது ஒன்றோடொன்று கோர்த்து இறுகுகிற மூலக்கூறுகள், இருக்கும். லைட் இல்லாமல் இறுகும் சிமெண்ட் இறுகுவதற்கு அமீன் என்ற வேதிப்பொருள் வேண்டும். பசையின் மேல்பரப்பில் இறுகாமல் நிற்கிற அமிலம் அந்த அமீனைச் செயலிழக்கச் செய்துவிடும். பல்லின் மேல்பகுதியில் லைட் நேராகப் படுவதால் இது பெரிதாகத் தெரியாது. கால்வாயின் அடியில், லைட் எட்டாத இடத்தில், சிமெண்ட் அமீனை நம்பித்தான் இறுக வேண்டும். அங்கே போய் அமீனைப் பறித்துக்கொண்டால் பசையை ஒட்டியிருக்கிற அந்த மெல்லிய அடுக்கு சரியாக இறுகாது. சில பசைகளோடு இதற்கென்று தனியாக ஆக்டிவேட்டர் பாட்டில் வரும். நான் அதைக் கலக்கவில்லை. கலக்க வேண்டும் என்று தாளில் இருந்ததை அப்போது நிதானமாகப் படிக்கவில்லை என்பதுதான் உண்மை.

அத்தோடு ஹைப்போகுளோரைட். ரூட் கேனாலை அதில்தான் கழுவுகிறோம், அது இல்லாமல் கிருமி போகாது. ஆனால் அது டென்டினில் ஆக்சிஜனை விட்டுவிட்டுப் போகும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ரெசின் ஒழுங்காக இறுகாது. அமிலம், பசை என்று போகிற முறையில், கடைசியாக ஹைப்போகுளோரைட் ஊற்றிவிட்டு நேராகப் பசை பூசினால் பிடிப்பு குறையும். அஸ்கார்பிக் அமிலம் போட்டுச் சரிசெய்யலாம் என்று காட்டியிருக்கிறார்கள். நடைமுறையில் எத்தனை பேர் செய்கிறோம்? இதற்கும் மேலே, அந்தக் குறுகிய குழிக்குள் அமிலத்தைக் கழுவி எடுத்து, டென்டினை ஈரமாகவும் விடாமல் காயவும் விடாமல் சரியான பதத்தில் நிறுத்துவது இருக்கிறதே, வெளியே தெரிகிற குழியில் அது சாத்தியம். 10 மி.மீ. ஆழத்தில், பார்க்க முடியாத இடத்தில், ஊகம்தான்.

தானாக ஒட்டும் சிமெண்ட் இந்தப் படிகளையெல்லாம் எடுத்துவிடுகிறது. யூனிசெம் 2002-இல் 3எம் எஸ்பே நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்தப் பல் மருத்துவப் பிரிவு 2024-இல் சோல்வென்டம் என்ற தனி நிறுவனத்தோடு பிரிந்து போய்விட்டது, அதனால் பெட்டியில் பெயர் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே பாஸ்பாரிக் அமிலம் பிணைந்த மெத்தாக்ரிலேட் மோனோமர்கள் இருக்கின்றன. கலந்தவுடன் சிமெண்ட் நல்ல அமிலமாக இருக்கும், பிஹெச் 2-ஐ ஒட்டி. அந்த அமிலம் டென்டினின் மேல்பரப்பை லேசாக அரித்து, அங்குள்ள கால்சியத்தோடு பிணைகிறது. அதே நேரம் சிமெண்டுக்குள்ளேயே இருக்கிற காரத்தன்மையுள்ள கண்ணாடித் துகள்களோடும் வினைபுரிந்து தன்னைத்தானே நடுநிலையாக்கிக்கொள்கிறது. இந்த வினைக்குக் கொஞ்சம் நீர் வேண்டும். அதனால்தான் கால்வாயை எலும்புபோல் காயவைக்கக் கூடாது. காற்றை ஊதிக் காயவைக்கிற பழக்கம் இருந்தால் இந்தச் சிமெண்டுக்கு அதை விட்டுவிட வேண்டும். கால்வாயில் விட்டு ஈரத்தை உறிஞ்சுகிற காகிதக் குச்சியான பேப்பர் பாயின்ட் நனையாமல் வந்தால் போதும், நிறுத்திவிடலாம்.

இங்கேதான் இந்தப் பொருளின் பெயர் பலரை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். தானாக ஒட்டும் என்றால் எதன்மேலும் ஒட்டும் என்று பொருள் கொள்கிறோம். இதன் அமிலம் ஆழமாகப் போகாது. பாஸ்பாரிக் அமிலம்போல் படிந்த அழுக்கைக் கரைத்து அடித்துக்கொண்டு போகாது. மேல்பரப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். அங்கே டென்டின் இருந்தால் டென்டினைப் பிடிக்கும். ரூட் கேனாலை அடைக்கிற, இளஞ்சிவப்பு ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா இருந்தால் கட்டாபெர்ச்சாவைப் பிடிக்கும், அதாவது எதையும் பிடிக்காது.

போஸ்டுக்கு இடம் செய்யும்போது ட்ரில் சுற்றுகிற சூட்டில் கட்டாபெர்ச்சாவும் அதை ஒட்டவைக்கிற சீலரும் உருகி, டென்டின் தூளோடு குழைந்து, சுவரில் பூசிக்கொள்ளும். ரூட் கேனாலின்போது கழுவி எடுத்த படலம் வேறு, இது புதிதாக உருவாகும் படலம் வேறு. இந்த இரண்டாவது படலத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் "ரூட் கேனால் முடிந்துவிட்டது" என்று மனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

ஒரு கீழ் ப்ரீமோலாரில் (சிறு கடைவாய்ப் பல்லில்) இதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். கால்வாய் நீள்வட்டம், ட்ரில் வட்டம். ட்ரில் நடுவில் அழகாக வழித்துக்கொண்டு போயிருந்தது. கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் ட்ரில் தொடவே இல்லை. எக்ஸ்ரேயில் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது, ஏனென்றால் எக்ஸ்ரே கன்னத்திலிருந்து நாக்குப் பக்கமாகத்தான் பார்க்கும். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இருக்கிற மிச்சம் போஸ்ட் இடத்தின் நிழலுக்குள் மறைந்துவிடும். லூப்ஸில் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது நாக்குப் பக்கச் சுவரில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு, நகத்தின் பிறைபோல் மெல்லியதாக, மேலிருந்து பாதி ஆழம்வரை போனது. எக்ஸ்ப்ளோரர் முனையால் தொட்டேன், மெழுகுபோல் வழுக்கியது. சுவரின் மற்ற இடத்தில் முனை கரகரவென்று உரசியது. கை அந்த வித்தியாசத்தை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. அன்று உதவியாளர் கேப்சூலைக் கையில் எடுத்துவிட்டு, "மேடம், அழுத்திடவா?" என்று கேட்டார். "இல்லம்மா, கொஞ்சம் வை. அல்ட்ராசானிக் டிப் எடு" என்றேன். அந்தப் பிறையைச் சுரண்டி எடுக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. சிமெண்ட் கலந்து, வைத்து, இறுகி முடிய ஆன நேரத்தைவிட அதிகம்.

அதிலிருந்து என் வரிசை இது. எச்சில் படாமல் பல்லைத் தனியாக்குகிற ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் கட்டாயம். அடியில் 4 முதல் 5 மி.மீ. கட்டாபெர்ச்சாவை விட்டுவிட்டு இடம் செய்கிறேன். அதைக் குறைத்தால் வேர்நுனியின் அடைப்பு கெடும். அப்புறம் மெல்லிய அல்ட்ராசானிக் முனையால் சுவரைச் சுற்றிலும், குறிப்பாக ட்ரில் தொடாத பக்கங்களை. பிறகு கழுவுதல். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: இந்தச் சிமெண்டோடு வருகிற தாள், ஹைப்போகுளோரைட்டில் சுத்தம் செய்து உடனே தண்ணீரில் கழுவி பேப்பர் பாயின்டால் உலர்த்தச் சொல்கிறது, கடைசிக் கழுவலுக்குப் பிறகு ஈடிடிஏ (படலத்தைக் கரைக்கும் கழுவுதிரவம்) போன்றவற்றின் மிச்சம் இருக்கக் கூடாது என்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடாது. அமிலம், பசை முறையில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒவ்வொரு சிமெண்டுக்கும் விதி வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஈடிடிஏ வேண்டுமென்றால் நான் அதை முன்னாலேயே ஊற்றி முடித்துவிடுகிறேன். கடைசி வார்த்தை தண்ணீருடையதுதான், அதையும் தாராளமாக, மெல்லிய ஊசியை அடிவரை இறக்கி. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைப் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர்கள் அதை ஹைப்போகுளோரைட்டோடு சேரவிடக் கூடாது; இரண்டும் சந்தித்தால் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வண்டல் உருவாகி டென்டின் குழல்களை அடைக்கும்.

சீலரும் கணக்கில் வரும். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் கலந்த சீலர் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். போஸ்ட் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் யூஜெனால் இல்லாத சீலரையே நான் எடுப்பேன். வேறு யாரோ செய்த ரூட் கேனாலாக இருந்தால் என்ன சீலர் என்று தெரியாது. அப்போது சுவரை இன்னும் கொஞ்சம் கறாராகச் சுரண்டுகிறேன்.

போஸ்டைத் தயார் செய்வது சுலபம். இடத்தில் வைத்துப் பார்த்து, நீளம் குறித்து, வெளியே எடுத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே டைமண்ட் டிஸ்க்கால் வெட்டுகிறேன். பிளையராலோ கத்தரியாலோ வெட்டினால் இழைகள் நசுங்கிப் பிரிந்துவிடும். ஒருமுறை வாய்க்குள் போன போஸ்ட் அழுக்குதான், அதனால் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுகிறேன். அப்புறம் விரல் படக் கூடாது.

இப்போது கேப்சூல். ஆக்டிவேட்டர் என்ற அழுத்துகருவியில் வைத்து அழுத்தினால் உள்ளே தூளும் திரவமும் சேரும். அதிவேகக் கலப்பானில் 15 வினாடி. கையால் கலக்கிற தொல்லை இல்லை, காற்றுக் குமிழி குறைவு, விகிதம் மாறாது. சிறிய கேப்சூலின் மூக்கில் மாட்டுகிற நீண்ட முனை ஒன்று வரும். வேருக்குள் இறங்குகிற அளவு மெல்லியது. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது சிமெண்டைவிட இந்த முனைதான் என்றுகூடச் சொல்வேன். முனையை அடிவரை இறக்கி, அடியிலிருந்து சிமெண்டை விட்டுக்கொண்டே மெல்ல மேலே வர வேண்டும். முனை எப்போதும் சிமெண்டுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். வெளியே எடுத்து மறுபடி விட்டால் நடுவில் காற்று சிக்கும். கிணற்றில் தண்ணீர் ஊறுவதுபோல் கீழிருந்து நிரம்பி வர வேண்டும்.

பழைய பழக்கத்தில் சிலர் லென்டுலோ ஸ்பைரல் என்ற சுழலும் சுருள் கம்பியை எடுப்பார்கள். இந்த வகைச் சிமெண்டுக்கு அது ஆகாது. சுழலும்போது இறுகல் வேகமெடுத்து, போஸ்ட் பாதி இறங்கும்போதே நின்றுவிடலாம். போஸ்டின்மேல் மட்டும் தடவிச் சொருகுவதும் வேண்டாம். அடியில் வெற்றிடம் நிச்சயம்.

போஸ்டை லேசாகத் திருகிக்கொண்டே இறக்குகிறேன், காற்று வெளியேறுவதற்கு. கலக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம்தான் கையில் இருக்கிறது, வேரின் உடல் சூட்டில் அதைவிடக் குறைவு. அதனால் கேப்சூலை அழுத்துவதற்கு முன் போஸ்ட், ட்வீசர், லைட் எல்லாம் தட்டில் வரிசையாக இருக்க வேண்டும். தேட நேரம் இருக்காது. போஸ்ட் உட்கார்ந்ததும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். மேலிருந்து 40 வினாடி லைட் காட்டலாம், அல்லது 5 நிமிடம் தானாக இறுக விடலாம். நான் இரண்டையும் செய்கிறேன், காத்திருப்பது முதலில்.

காத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரெசின் இறுகும்போது சுருங்கும். ஒட்டாத பரப்பு நிறைய இருந்தால் அந்தப் பக்கமாகச் சரிந்து சுருக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். சாதாரணப் பெட்டி வடிவக் குழியில் ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள விகிதம் அதிகம்போனால் 5. போஸ்ட் வைத்த கால்வாயில், நாலாபக்கமும் சுவர், நடுவில் போஸ்ட், மேலே ஒரு மெல்லிய வளையம் மட்டும் திறப்பு. விகிதம் 200-ஐயும் தாண்டலாம். சுருங்குகிற சிமெண்டுக்குப் போக்கிடமே இல்லை, சுவரிலிருந்துதான் பிய்த்துக்கொள்ளும். மெதுவாக இறுகவிட்டால் பிசுபிசுப்பாக இருக்கும்போதே கொஞ்சம் நகர்ந்து இழுவையைத் தணித்துக்கொள்ளும். லைட்டை உடனே அடித்தால் அந்த அவகாசம் கிடையாது. ஆனால் லைட்டே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. லைட் பட்ட சிமெண்ட் படாததைவிட நன்றாக இறுகுகிறது. ஒளி ஊடுருவும் போஸ்ட் வழியாகக்கூட ஆழம் போகப் போக வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும், அதனால் அடிப்பகுதிக்கு நேரம்தான் மருந்து. நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது 5 நிமிடம் நீளம்தான். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "இப்ப அஞ்சு நிமிஷம் நான் எதுவுமே செய்ய மாட்டேன், சும்மா பிடிச்சுட்டு இருப்பேன், பயப்படாதீங்க."

குறைகள் உண்டு. பல்லின் வெளி ஓடான எனாமலில் இது பலவீனம்; அமிலம் தடவாத எனாமலை இந்தச் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. வேருக்குள் எனாமல் இல்லாததால் போஸ்டுக்கு அது பாதிக்காது, ஆனால் போஸ்டுக்கு நன்றாக இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் இதையே எடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கம், டென்டினுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று பாஸ்பாரிக் அமிலம் தடவிவிட்டு இதை வைத்தால் பிடிப்பு கூடாது, குறையும். அமிலம் திறந்துவிட்ட கொலாஜன் வலைக்குள் இந்தக் கெட்டியான சிமெண்டால் ஊடுருவ முடியாது. நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற இந்தத் தவற்றைப் பயிற்சிக்கு வருகிற இளையவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

கோர் கட்டவும் இது பொருளல்ல. போஸ்ட் இறுகியதும் மேலே வழிந்த சிமெண்டை எடுத்துவிட்டு, மேல்பகுதி டென்டினுக்கு முறையாகப் பசை பூசிக் காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளில்தான் கோர் கட்டுகிறேன். அப்புறம், ஒரு கேப்சூல் என்றால் ஒரு கேப்சூல்தான். ஒரே பல்லில் ஒரு போஸ்டுக்குக் கொஞ்சம் போதும், மீதி குப்பைக்குத்தான் போகும். இரண்டு போஸ்ட் என்றால் ஒன்றையே வைத்துச் சமாளிக்கலாமா என்று ஆசை வரும். இரண்டாவதற்கு நேரம் போதாது. சிரிஞ்சில் வருகிற வடிவமும் இருக்கிறது, அதில் வீண் குறைவு, கலப்பானும் ஆக்டிவேட்டரும் தேவையில்லை. சிரிஞ்ச் வகை எதுவானாலும் முனையை மாட்டுவதற்கு முன் இரண்டு குழாயிலிருந்தும் சமமாக வருகிறதா என்று கொஞ்சம் பிதுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சிமெண்டை அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தொட வேண்டும்.

மற்ற வழிகளைக் குறை சொல்ல மாட்டேன். எம்டிபி என்ற மோனோமரை 1981-இல் ஜப்பானின் குராரே நிறுவனம் உருவாக்கியது, 1983-இல் வந்த பனாவியா என்ற சிமெண்ட் வழியாக அது ஒரு தலைமுறை பல் மருத்துவர்களின் கையில் இருந்திருக்கிறது. தனி ப்ரைமரோடு வருகிற அந்த வகைச் சிமெண்டுகளை, சுவரும் ஈரமும் கைக்கு அடங்கும் இடத்தில் நன்றாகவே பயன்படுத்தலாம். என் கணக்கு வேறு: ஆழத்தில், பார்வை எட்டாத இடத்தில், ஒரு படி குறைந்தால் தவறும் ஒன்று குறைகிறது. அப்படி மிச்சமாகிற நேரத்தைச் சுவருக்குச் செலவிட வேண்டும். மிச்சமாயிற்று என்று அடுத்த நோயாளியை உள்ளே அழைத்தால் இந்தச் சிமெண்டை வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

எந்தச் சிமெண்டாலும் ஈடுகட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது. கேப் பிடிக்கிற விளிம்புக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. நல்ல பல் நிற்க வேண்டும். அந்த வளையம் இல்லாத பல்லில் ஒவ்வொரு கடியும் போஸ்டை நெம்பும். அப்படிப்பட்ட பல்லோடு வருகிறவர்களிடம் போஸ்ட் வைப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுகிறேன். மிகவும் அகலமான கால்வாயிலும் நேராகச் சிமெண்டை ஊற்றி நிரப்புவதில்லை. போஸ்டைச் சுற்றிக் காம்போசிட்டை வைத்துக் கால்வாயின் வடிவத்துக்கே வார்த்தெடுத்து, அதன்பிறகு ஒட்டுகிறேன். சிமெண்ட் மெல்லிய அடுக்காக இருக்கும்போதுதான் அதன் வேலையைச் செய்யும்.

ஆசிரியருக்கு என்ன ஆயிற்று என்றால், பழைய துண்டை அப்படியே ஒட்டவில்லை. கால்வாயைச் சுரண்டி, புதிய போஸ்டை இந்தச் சிமெண்டில் வைத்து, புதிய கோர், புதிய கேப். ஐந்து ஆண்டு தாண்டி நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறார்.

சென்ற ஆண்டு வேறொரு பல்லில், இதே சிமெண்டில் நான் ஆரம்ப காலத்தில் வைத்த போஸ்ட் ஒன்றை நானே எடுக்க வேண்டி வந்தது. வேர்நுனியில் கிருமி திரும்பியிருந்தது, மறுபடி ரூட் கேனால் செய்தாக வேண்டும். போஸ்ட், சிமெண்ட், டென்டின் மூன்றும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறது என்று தண்ணீர் ஊற்றியும் காயவைத்தும் மாற்றி மாற்றிப் பார்த்து, அல்ட்ராசானிக் முனையால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கரைத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேல் பாதியில் சிமெண்ட் சுவரை விடவே இல்லை, டென்டினோடு சேர்த்துத்தான் உதிர்ந்தது. நடுவைத் தாண்டி ஒரு இடத்தில் முனை பட்டதும் ஒரு சில்லு தானாகக் கழன்று விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில், சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில், இளஞ்சிவப்பாக மெல்லிய பூச்சு ஒன்று இருந்தது.